தானா திரும்புற கேமரா

கேமரா தலைமேல ஒரு துண்டு தொங்கிட்டிருந்துச்சு!

"இது எதுக்கு அங்கிள்?" ஏணியில ஏறிக்கிட்டே கேட்டா, ரிப்பேர் பாக்க வந்த கேமராக்காரப் பொண்ணு.

"எந்நேரமும் என்னையே பாக்குது. அதான் முக்காடு போட்டு விட்டேன்."

பெரியவர் ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்ல தனி ஆள். போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தார். பதறிப்போன மக, வெளியூர்ல இருந்து ஓடி வந்து வாங்கி மாட்டிட்டுப் போன கேமரா இது. போன்ல இருந்தே இதைத் திருப்பலாம். இங்க பேசுறதும் அங்க கேக்கும்.

"பாக்குறதுக்குத்தானே அங்கிள் கேமரா?"

"அடப் போம்மா! நான் சாப்பிட உக்காந்தா தட்டை எட்டிப் பாக்குது. மாத்திரை போடாம எந்திரிச்சா டப்பா பக்கம் திரும்பி நின்னுக்குது. மாமியார்லாம் இதுகிட்ட பிச்சை வாங்கணும்! மொதல்ல கழட்டு இதை."

டேபிள்மேல ஸ்பீக்கர்ல கிடந்த போன் கத்துச்சு. மகதான்.

"அப்பா, சத்தியமா நான் திருப்பலப்பா! ஆபீஸ்ல எனக்கு மூச்சு விடவே நேரம் இல்ல. நீங்க எந்திரிச்சு நடமாடுறீங்களான்னு காலைல ஒரு தடவை பாப்பேன், அவ்வளவுதான்."

"அப்ப பேயா திருப்புது?"

"இப்படிக் கோவப்பட்டுத்தான் தம்பிகூட பேச்சே நின்னு போச்சு. இப்ப என்கூடவும் நிறுத்தணுமா?"

"அவன் பேச்சை எடுக்காதேன்னு சொல்லிருக்கேனா இல்லையா?"

படிப்பைப் பாதில விட்டுட்டு, ஓட்டல்ல சமையல் கத்துக்கப் போறேன்னு நின்ன பையன் அவன். 'இனி இந்த வாசப்படி மிதிக்காதே'ன்னு இவர் சொல்ல, அவனும் ரோஷக்காரன், மிதிக்கவே இல்ல.

சர்ர்ருனு ஒரு சத்தம்.

துண்டுக்கு அடியில கேமரா தானா திரும்புச்சு! துண்டு நழுவி அந்தப் பொண்ணு மூஞ்சியிலயே விழுந்துச்சு. கேமரா கண்ணு நேரா பெரியவரைப் பாத்து நின்னுச்சு.

"நான் தொடவே இல்லப்பா!" மக அலறினா.

பொண்ணு ஏணியை விட்டு இறங்கினா. இப்ப அவ மூஞ்சில சிரிப்பு இல்ல.

"அங்கிள், இது ரிப்பேர் இல்ல. பாஸ்வேர்டைக் கண்டுபிடிச்சு யாரோ உள்ள புகுந்திருக்காங்க. இந்த நிமிஷம் பாத்துட்டே இருக்காங்க."

பெரியவருக்குக் காது வரைக்கும் சிவந்துடுச்சு.

"டிக்கெட் இல்லாம ஏறுனவன் எத்தனை பேரை இறக்கி விட்டவன் நான்! என் வீட்டுக்குள்ளயே ஒருத்தன் ஏறிட்டானா? இறக்கி விடும்மா அவனை!"

"பாஸ்வேர்டை மாத்திட்டாப் போதும். எந்த ஊர்ல இருந்தாலும் வெளியில போயிடுவான். குட்டிக்கரணம் போட்டாலும் திரும்ப உள்ள வர முடியாது. ஆமா, இப்ப என்ன பாஸ்வேர்ட் வச்சிருக்கீங்க?"

மக இழுத்தா. "அது வந்து... எங்க வீட்டு நாயோட பேரு. செத்துப் போச்சு பாவம். எங்க வீட்ல எல்லா பாஸ்வேர்டும் அதான்."

"நாசமாப் போச்சு! வாசல்ல பூட்டைப் போட்டுட்டு சாவியை அதுலயே விட்டுட்டுப் போவீங்களா அக்கா? நாய் பேரு தெருவுக்கே தெரியுமே!"

"இல்லம்மா. தெருவுக்கு அது டைகர். வீட்டுக்குள்ள கூப்பிடுறது வேற பேரு. கேட்டா சிரிப்பாங்கன்னு நாங்க வெளியில மூச்சுகூட விட்டதில்ல."

"அப்ப யார் யாருக்குத்தான் தெரியும்?"

"எனக்கு, அப்பாவுக்கு. அம்மாவுக்குத் தெரியும், அம்மா இப்ப இல்ல. அப்புறம்..."

"அப்புறம்?"

"அந்தப் பேரை வச்சவனுக்கு."

பெரியவர் சட்டுனு நிமிர்ந்து கேமராவைப் பாத்தார்.

"அப்பா, நான் தம்பிகிட்ட பாஸ்வேர்ட் சொல்லல. நீங்க விழுந்ததையும் கேமரா வச்சதையும் மட்டும்தான் சொன்னேன். 'ம்'னு ஒரு வார்த்தை. போனை வச்சுட்டான். கேமராவுக்குள்ள போக என் மெயில் ஐடியும் வேணும், அது அவனுக்கு முன்னாடியே தெரியும்."

கேமராக்காரப் பொண்ணு தன் போன்ல பாஸ்வேர்ட் மாத்துற இடத்துக்கு வந்து நின்னுட்டிருந்தா.

"அங்கிள், பிள்ளையாவே இருந்தாலும் சொல்லாம கொள்ளாம உள்ள வந்தது தப்புதான். நீங்க சரின்னா இப்பவே வெளியில தள்ளிடுறேன். என்ன செய்யட்டும்?"

பெரியவர் மெதுவா எந்திரிச்சு வந்து கேமராவுக்கு நேர் கீழ நின்னார்.

"இங்க பேசினா அவனுக்குக் கேக்குமா?"

"நல்லாவே கேக்கும். நாம இவ்வளவு நேரம் பேசினது மொத்தமும் கேட்டிருக்கும்."

ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கிட்டார். அப்புறம் அண்ணாந்து பாத்து, ஒரு அதட்டல்.

"ஏண்டா! எட்டிப் பாக்கத் தெரியுது, வந்து கதவைத் தட்டத் தெரியாதா?"

கேமரா அப்படியே அசையாம நின்னுச்சு.

பெரியவர் குரல் இறங்கிடுச்சு. "நாளைக்கு சாப்பிட வர்றியா?"

போன்ல மக மூக்கை உறிஞ்சுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

அப்ப அந்தக் கேமரா மெல்ல மேல போச்சு, கீழ வந்துச்சு. திரும்ப மேல, திரும்பக் கீழ. அப்படியே மனுஷன் தலையாட்டுற மாதிரி!

பெரியவர் சட்டுனு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டார்.

"அங்கிள், அப்ப பாஸ்வேர்டை மாத்தவா, வேணாமா?"

"அதை எதுக்கும்மா மாத்தணும்? வெளியாளு யாருக்கும்தான் தெரியாதே!"