அம்மா குரலில் விளம்பரம்

தூத்துக்குடி இறால் கம்பெனியில் வேலை பார்க்கும் பிலோமினா, ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு ஒரு மலிவு போன் வாங்கிக் கொடுத்தாள். விலை குறைவு என்பதால் பேச்சுக்கு நடுவே விளம்பரம் வரும். பேசுகிறவர் குரலிலேயே வரும்.

"மூட்டு வலி உயிரை எடுக்குதுடி" என்று அம்மா குரல் அழும். பிலோமினா பதறும்போது ஒரு தைலத்தின் பெயரைச் சொல்லி முடிக்கும். ஆரம்பத்தில் பெயர் வருமுன்பே போனை வைத்து, லீவு போட்டுவிட்டு ஊருக்கு ஓடியிருக்கிறாள். பிறகு பழகிவிட்டது. பெயர் வரும்வரை காத்திருந்து, "சாப்பிட்டியாம்மா?" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

இன்று அம்மா, "நெஞ்சை அடைக்குதுடி" என்றாள்.

பிலோமினா இறால் உரித்துக்கொண்டே காத்திருந்தாள்.

"சீக்கிரம் பேரைச் சொல்லும்மா, சூப்பர்வைசர் வர்றாரு."

பெயர் வரவேயில்லை.