வளைவுக்குக் கீழே

"எம் மக கல்யாணத்தை நிப்பாட்டத்தான் வந்தியா தாயி?"

பேச்சாயி கேட்டதும், மகேஸ்வரி வாசல் வளைவை இன்னொரு முறை அண்ணாந்து பார்த்தாள்.

சாணார்பட்டி ரோட்டில் இருக்கும் அந்தச் சத்திரத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. இப்படிப்பட்ட பழைய கட்டடங்களில் எதை முதலில் பராமரிப்பது என்று கணக்கெடுக்கும் வேலைக்கு மகேஸ்வரி புதிது.

வாசல் வளைவில் ஒரு விரிசல். லேசா, ஓரளவா, மோசமா என்று கேட்டுக் காத்திருந்தது கையிலிருந்த டேப்லெட்.

"மோசம்னு போட்டா என்ன ஆகும்?" என்றார் சத்திரத்தின் செயலாளர் பாக்கியராஜ்.

"உடனே பூட்டி வேலை ஆரம்பிச்சுருவாங்க சார்."

"அடுத்த வாரம் இந்தம்மா மக கல்யாணம். ஏழை வீடு. வாடகைகூட வேணாம்னுட்டேன். திடீர்னு எங்க போவாங்க?"

"காலைல பாத்தப்ப லேசாத்தான் தெரிஞ்சுச்சு. இப்பப் பாத்தா மோசமாத் தெரியுது. எனக்கே குழப்பமா இருக்கு சார்."

"வெயில் மாறுதும்மா. விரிசலா மாறும்? ஏன், இந்த மெஷினுக்குத் தெரியாதா?"

"இது ஃபஸி லாஜிக் சார். ஆமா, இல்லைன்னு வெட்டிச் சொல்ல முடியாததையும் கணக்குல எடுத்துக்கும். ஆனா, பாக்குற ஆளு சொல்றதுதான் அதுக்குக் கண்ணு."

"அப்ப அதுவும் உன்னை மாதிரிதான் முழிச்சிட்டு நிக்குதுன்னு சொல்லு."

பேச்சாயிகூடச் சிரித்துவிட்டாள். பிறகு தயங்கியபடி கேட்டாள்.

"அய்யா, பொண்ணு மாப்பிள்ளைய இந்த வளைவுக்குக் கீழ வச்சு ஆரத்தி எடுக்கலாம்ல? பயமில்லையே?"

"தாராளமா எடு. அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம். நம்மளையெல்லாம் அனுப்பி வச்சிட்டுத்தான் போகும்." மகேஸ்வரி பக்கம் திரும்பினார். "படிச்ச புள்ள நீ. ஒரு தாயோட வயித்தெரிச்சலக் கொட்டிக்காத. மெஷினுக்குத்தான் மனசு இல்ல, நமக்குமா இல்ல?"

மகேஸ்வரிக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனிதருக்கு இருக்கும் இரக்கம் தனக்கு ஏன் இல்லை? ஒருவேளை, கண்தான் விரிசலைப் பெரிதாக்குகிறதோ?

விரல் 'லேசு' பக்கம் நகர்ந்தது.

வெளியே ஹாரன் சத்தம். வெயிலுக்கு நிழல் தேடி, செயலாளரின் புதுக் காரை மெதுவாக வாசலுக்கு ஓட்டிவந்தான் டிரைவர் பழனிக்குமார்.

பாக்கியராஜ் பதறிக்கொண்டு ஓடினார்.

"ஏலே, வளைவுக்குக் கீழ நிப்பாட்டாத. பேந்து விழுந்துச்சுன்னா காரு போச்சு."