இரண்டு கதவுத் தூளி

போருக்குத் தப்பி வந்த ஒன்பது பேரை ஒரு நாடு தன் எல்லைக் கதவுக்கு வெளியே அனுப்பிவிட்டது. அடுத்த நாடு தன் கதவைத் திறக்கவில்லை. நடுவே பன்னிரண்டடி இடம். அனுதாபத்துக்குக் குறைச்சலில்லை. கம்பி இடுக்கு வழியாக ஒரு பக்கம் சோற்றுப் பொட்டலமும் மறுபக்கம் போர்வையும் தவறாமல் வந்தன. இருபதாம் நாள், அவர்களில் நிறைமாதமாக இருந்த நல்லம்மாவுக்குப் பிள்ளை பிறந்தது. தூளி கட்ட அங்கே மரமில்லை. சேலையின் ஒரு முனையை இந்தக் கதவிலும் மறுமுனையை அந்தக் கதவிலும் முடிந்து, பிள்ளையை நடுவில் போட்டாள்.

மறுநாள் காலை கேமராக்காரர்களோடு முதல் நாட்டு அதிகாரி ஒருவர் வந்தார்.

“சேலை முடிச்ச அவுத்துடும்மா. கதவத் தொறக்கணும்.”

அவள் முடிச்சில் கை வைத்தாள். “எங்கள வெளிய விடவாங்கய்யா?”

“இல்லம்மா. பிள்ளைக்கு அரசாங்கம் தொட்டில் குடுத்திருக்கு. கம்பிக்குள்ள நுழையல.”

பின்னாலிருந்து அடுத்த நாட்டு அதிகாரி கூப்பிட்டார். “இந்த முடிச்சையும் அவுத்துடும்மா. எங்க தொட்டிலும் வந்தாச்சு.”

இரண்டு தொட்டிலும் உள்ளே வந்தன. இரண்டு கதவையும் மறுபடி பூட்டினார்கள். இனி யாருக்கும் கால் நீட்ட இடமில்லை. நல்லம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சேலையை எடுத்தாள். இந்த முறை இரண்டு கதவுப் பூட்டையும் சேர்த்து இறுக்கி முடிந்தாள்.