இரண்டு கையெழுத்து

தோட்டம் கைமாறியபோது, லயத்து வீடுகளில் இருந்த எல்லாத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் சொந்த வீடு வாங்கித் தராமல் ஓயமாட்டேன் என்று கிளம்பியவர் தங்கராஜு.

"பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குதுங்க. இன்னிக்காச்சும் மீட்டிங்குக்குப் போகாம இருங்கலா," என்பாள் மனைவி மோகனா.

"மொதல்ல வீடு வரட்டும். அப்புறம் ஆயுசுக்கும் உன்கூடவே உக்காந்திருக்கேன்," என்று மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிடுவார்.

நீலாய்க்கும் சிரம்பானுக்குமாக, அலுவலகம் அலுவலகமாக வருஷக்கணக்கில் அலைந்தார். கடைசியில் வீடுகள் எழுந்தேவிட்டன.

சாவி கொடுக்கும் நாளில் மண்டபமே அவருக்காகக் கை தட்டியது.

"அக்கா எங்கண்ணே?" என்று கேட்டான் பக்கத்து வீட்டு மகேந்திரன்.

"வந்துகிட்டு இருக்கா," என்றார்.

அவர் முறை வந்ததும் அதிகாரி சிரித்தபடி பேனாவை நீட்டினார். "உங்க மனைவியும் கையெழுத்துப் போடணும் ஐயா. ஆம்பளைங்க குடிச்சிட்டு வீட்ட வித்துறக் கூடாது, புருஷன் பொண்டாட்டி சேர்ந்து வந்தாத்தான் சாவி தரணும்னு சண்டை போட்டதே நீங்கதானே!"

தங்கராஜு வெளியே வந்து மோகனாவுக்குப் போன் போட்டார். வெகுநேரம் கழித்துத்தான் எடுத்தாள்.

"மோகனா, வீடு கெடைச்சிருச்சு! கோவிச்சுக்கிட்டு பாரோய்ல உங்கம்மா வீட்டுல இருந்தது போதும். பிள்ளையக் கூட்டிக்கிட்டுக் கெளம்பி வா."



"போன மாசமே கோர்ட்டுல நமக்கு விவாகரத்து ஆயிருச்சுங்க," என்றாள் மோகனா. "கோர்ட்டுக் கடுதாசி வந்தும், அன்னிக்கும் மீட்டிங் இருக்குன்னு நீங்க வரல."