படகுக்குளத்துக் கரை யாருடையது

கரியாலூர் படகுத்துறை பெஞ்சில் துறையின் கணக்கெழுதும் நானும் படகோட்டி சக்கரவர்த்தியும், எதிரே மண்கரைமேல் பொன்னாயியும் உட்கார்ந்திருந்தோம். கரை உடைந்தால் முதலில் போவது பொன்னாயியின் வீடு. கசிவைப் பற்றி எழுதினால், வனத்துறை, பொதுப்பணித்துறை என இரண்டு அலுவலகங்களும் கரை தங்களுடையதல்ல என்கின்றன. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருப்பதால் வந்து பார்க்கவும் ஆளில்லை.

"யாருதுன்னு கேட்டுக்கினே இருங்க. என் வூடு மிதந்துக்கினு போவட்டும்!" என்றார் பொன்னாயி.

மூவரும் கசிவில் களிமண் அப்பி, வழக்கப்படி ஆளுக்கொரு கைத்தடம் பதித்தோம். பிறகு படகில் போய்ப் பார்த்தால், கரையின் உட்புறத்தில், நீருக்கடியிலும் புதுக் களிமண். அதிலும் ஒரு கைத்தடம்.

"நான் தண்ணியில இறங்கலீங்க," என்றார் சக்கரவர்த்தி.

"யாரோ ஒருத்தராவது வேல செஞ்சாங்களே!" என்றார் பொன்னாயி.

கரையின் உரிமையாளர் யாரென்று ஓர் அலுவலகம் மறுபடியும் கேட்டிருந்தது. 'பெயர் தெரியாது, உள்ளேயிருந்து பராமரிக்கிறார்' என்று எழுதி, உறையை ஒட்டிச் சக்கரவர்த்தியிடம் கொடுத்தனுப்பினேன்.