வெளி டிஸ்க்

1989இல் பாடாங் மேஹா பக்கத்துத் தோட்ட ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது; பின்னாலேயே வைரஸும் வந்தது. இன்று இரண்டாவது தடவை. சுங்கைப் பட்டாணியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த லியோனார்டுக்கு எரிச்சல். பழுது பார்க்கும் கம்ப்யூட்டரில் எல்லாம் வைரஸை விரட்டும் புரோகிராமை இலவசமாகவே ஏற்றிக் கொடுக்கிறவன் அவன்.

"போன மாசந்தானே சுத்தம் பண்ணேன்? வெளி டிஸ்க் போட்டு கேம் விளையாடினீங்களா, அக்கா?"

"இல்ல தம்பி" என்றாள் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி ரமணி. "நான்தான் காரணம்னு நீங்க சொல்லிட்டா, மேனேஜர் என்னை வேலைய விட்டு நிறுத்திடுவாரு."

"பின்ன தானா வந்துச்சா? பொய் சொல்லாதீங்க லா."

ரமணி டிஸ்க் போடும் வாயைக் காட்டினாள். குறுக்கே டேப். போன தடவை வேலை முடிந்ததும் அவனே ஒட்டி, மேலே கையெழுத்தும் போட்டது. கொஞ்சம்கூடப் பிரியவில்லை.

டிஸ்க்கை எடுக்கத் தோள்பைக்குள் போன லியோனார்டின் கை அப்படியே நின்றது. அந்த டேப்புக்கு முன்னால் கடைசியாக உள்ளே போனது அவனுடைய இலவசப் புரோகிராம் டிஸ்க். அதற்குப் பிறகு அதே டிஸ்க்கோடு எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கியிருக்கிறான்!

"மேனேஜர் ரூம் எது, அக்கா? என் டிஸ்க்தான்னு நானே சொல்லிடுறேன்" என்றான்.