பெரிய எழுத்துத் தாள்

கோணமலையானின் வண்டவாளத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் தண்டவாளத்தில் ஏற்றிவிட வேண்டும். இக்னேசியசுக்கு அந்த ஒரே நினைப்பு.

கோணமலையான் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. தமிழர் கூடி வாதாடும் இணையக் களம் ஒன்றில் அது ஒரு புனைபெயர். துறைமுகத்தடித் தேவாலயத்தின் வாசற்படி, பறங்கியர் இடித்த கோயிலின் கல் என்பது அவர் கட்சி. கோயிலுமில்லை, கல்லுமில்லை என்பது ‘சிலுவையூரான்’ கட்சி. சிலுவையூரான், நம்முடைய இக்னேசியஸ்தான்.

பத்தொன்பது வயதுக்குள் பங்குச் சுவாமி, செக்பொயின்ற் நேவிக்காரன், மீன்காரி என்று ஊரில் எல்லாருடைய குரலும் அவன் தொண்டையில் குடியேறியிருந்தது. களத்திலும் அதே கூத்து. “ஐயா கல்லில் காது வைத்தாராம், கல் தன் சாதகத்தையே சொன்னதாம்” என்று நக்கலடிப்பான். பிறகு ‘லண்டன் மாமி’ என்ற இன்னொரு பெயரில் வந்து தனக்குத் தானே கைதட்டுவான்.

கோணமலையானோ, “மதிப்புக்குரிய தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது” என்றுதான் தொடங்குவார். களம் முழுக்க அவருக்கு ‘நன்றி ஐயா’. இக்னேசியசுக்கு லண்டன் மாமி மட்டும். வயிறு எரியாதா?

ஞாயிறன்று களத்தின் நடுவரை வாக்கெடுத்துத் தெரிவுசெய்கிறார்கள். இக்னேசியஸ் கண்வைத்திருந்த கதிரை. எல்லார் வாயிலும் கோணமலையான்.

வெள்ளி பின்னேரம், வழக்கம்போல் களத்தில் எழுதப் பூரணி அக்காவின் கணினிக் கடைக்குப் போனான். இரண்டு கணினி, ஒரு பிரிண்டர். தட்டத் தெரியாதவர்கள் கையால் எழுதிக் கொடுப்பதை அக்கா கணினியில் அடித்து அனுப்பிவிடுவாள். அவள் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போயிருந்தாள். மேசையில் ஒரு கடதாசி. தலைப்பில் ‘கோணமலையான் பதில்’.

கீழே: “அடே சிலுவையூரான், உனக்கு மூளை இருக்க வேண்டிய இடத்தில் கோயில் மணிதான் இருக்கு. அதுவும் ஞாயிறு மட்டும் அடிக்கும்.” இரண்டு பக்கம் இப்படியே. நக்கலிலும் கோணமலையான் தன்னை வென்றுவிட்டார் என்று இன்னும் எரிந்தது.

பக்கத்துத் திரையில் அக்கா பாதி அடித்திருந்தாள்: “மதிப்புக்குரிய தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது.”

அகப்பட்டது பிடி. இதைப் படமெடுத்துக் களத்தில் போட்டால் கதிரை அவனுக்கு.

வாசலில் சைக்கிள் நின்றது. லிங்கநகர் கனகசுந்தரம், ஓய்வுபெற்ற நில அளவையாளர். இக்னேசியஸ் கடதாசியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

“பிள்ளை பூரணி, விடியத் தந்ததை அடிக்க வேண்டாம். வெட்கமாயிருக்கு.”

“ஏன் ஐயா?” அக்கா தேத்தண்ணியோடு வந்தாள்.

“நான் என்ன கேவலமாய் எழுதினாலும் அந்தப் பெடியன் ஒரு சொல் பிசகுறானில்லை. உண்மையைச் சொன்னால், அவனில எனக்குப் பொறாமை. எழுபது வயசில எனக்கு வராத பண்பு அவனுக்கு எங்கயிருந்து வந்தது?”

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து இக்னேசியசிடம் நீட்டினார். கண் மங்கிய அவருக்காகக் களத்துப் பதில்களை அக்கா பெரிய எழுத்தில் திருப்பி அடித்துக் கொடுக்கிற தாள்.

“நீரும் வாசியும் தம்பி. வாதாடுறதெண்டால் இப்பிடி வாதாட வேணும்.”

சிலுவையூரான் என்ற பெயருக்குக் கீழே இருந்தது: “மதிப்புக்குரிய ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது.”

அதில் ஒரு சொல்கூட அவன் எழுதியதில்லை. அக்காவைப் பார்த்தான்.

“வெளியில குண்டு வெடிக்கிறது காணாதே தம்பி, களத்துக்குள்ளயும் வெடிக்க வேணுமே?” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்க.

இக்னேசியஸ் ஒளித்த கடதாசியைக் கிழவரிடம் கொடுத்தான். அவர் அதைச் சுக்கலாய்க் கிழித்தார்.

பிறகு கணினி முன் இருந்தான். தன் வாக்கும் லண்டன் மாமியின் வாக்கும் கோணமலையானுக்கே என்று ஒரே மூச்சில் அடித்தான். அடுத்து “மதிப்புக்குரிய ஐயா” என்று தொடங்க மட்டும், எல்லாக் குரலும் வருகிறவனுக்கு ஒரு மணித்தியாலம் சென்றது.